பண்டிகைக்கு வந்தவர்கள்

நவம்பர் கடைசியிலேயே இன்லண்ட் கடிதங்கள் வர ஆரம்பித்துவிடும். பம்பாய் பெரியப்பா, மெட்ராஸ் சித்தப்பா, விசாகப்பட்டினத்து அத்தை என்று ஆளுக்கொன்று. நலம் விசாரிப்பெல்லாம் முதல் இரண்டு வரியோடு சரி. மீதியெல்லாம் எந்தத் தேதி, எந்த வண்டி, எத்தனை பேர் என்பதுதான். அப்பா முழுக்கப் படித்துவிட்டு அடுக்களை வாசலில் வந்து நின்று எண்ணிக்கையை மட்டும் சொல்வார். "அண்ணன் வீட்டுல இந்த வருஷம் ஏழு பேராம்." அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள். அரிசிப் பானையைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடுவாள்.

சாத்தான்குளத்துக்கும் முதலூருக்கும் நடுவில், தேரிக்காட்டின் ஓரத்தில் எங்கள் ஊர். சிவந்த மணல், பனை, முந்திரி, உடை மரம், இவ்வளவுதான் நிலம். 1799இல் முதலூரில் தொடங்கி, கிறிஸ்தவர்களாகி ஊரில் இருக்க முடியாமல் போனவர்களுக்கென்று இந்தப் பக்கம் வரிசையாக ஊர்கள் உண்டாயின. அதில் பிந்தி வந்த பொடி ஊர் எங்களுடையது. மெஞ்ஞானபுரம் கோயிலுக்கு 192 அடியில் கோபுரம். எங்கள் கோயிலுக்கு ஓடு வேய்ந்த கூரையும் ஒரு மணியும். ஆனால் பள்ளிக்கூடம் எல்லா ஊரிலும் கோயிலோடு சேர்ந்தே வந்துவிட்டது. படிப்பு வந்தது, படித்தவனுக்கு ஊரில் வேலை வரவில்லை. பனையேறப் பிரியமில்லாதவன் வாத்தியாராகவோ நர்ஸாகவோ கிளார்க்காகவோ எங்காவது போனான். படிக்காதவன் தாராவியில் மளிகைக் கடைக்குப் போனான். அதற்கு முந்தின தலைமுறை இலங்கைக்குப் போயிருந்தது. வருஷத்தில் பதினோரு மாதம் பாதி வீடுகளில் கிழவிகளும் நாய்களுமே. டிசம்பர் 20இலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை திண்ணையில் கால் வைக்க இடமிருக்காது.

வந்தவர்கள் எழுதிய கிறிஸ்மஸ் நினைவுகளை நிறையப் படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் பலகாரம் தகரத்தில் தயாராக இருக்கும். தகரத்துக்குள் அது எப்படி வந்தது என்பது இருக்காது. நாங்கள் ஊரிலேயே இருந்தவர்கள். அப்பாவுக்கு உள்ளூர்ப் பள்ளியில் வாத்தியார் வேலை. தாத்தா கட்டிய வீடும் ஆச்சியும் எங்கள் பங்கு. ஆகவே பண்டிகை எங்களுக்கு வேறு பக்கத்திலிருந்து தெரிந்தது.

முதலில் பணம். பதநீர் இறங்குவது மாசி, பங்குனியில் தொடங்கி ஆவணி, புரட்டாசியோடு முடிந்துபோகும். கிறிஸ்மஸ் வருவதோ பனை காசு தராத மாதத்தில். சாமர்த்தியமுள்ள வீடுகளில் சீசனில் காய்ச்சின கருப்பட்டி முழுவதையும் விற்கமாட்டார்கள். அடுப்புக்கு மேலே பரணில் ஓலைப் பெட்டியில் அடுக்கி, புகையில் வைத்திருந்து, மழைக்காலத்தில் விலை ஏறியதும் எடுப்பார்கள். எங்களுக்கும் ஒரு பனை விளை உண்டு. குத்தகைக்கு எடுத்தவர் பணமாகப் பாதி, கருப்பட்டியாகப் பாதி கொடுப்பார். அந்தக் கருப்பட்டியில் அம்மா கை வைக்கவே விடமாட்டாள். இது போக ஒரு பலகாரச் சீட்டு, வாராவாரம் கட்டுவது. இவ்வளவு நெருக்கடியிலும் உலை வைக்கும்போது கோயிலுக்கென்று ஒரு கைப்பிடி அரிசி தனிக் கலயத்தில் போவது நிற்காது. அதை நிறுத்தலாம் என்று யாருக்கும் தோன்றியதாகவே தெரியவில்லை.

இரண்டாவது விறகு. ஐப்பசி மழைக்கு முன்னாலேயே உடை விறகும் பனமட்டையும் காவோலையும் வெட்டி, பின்கட்டில் கூரைக்கடியில் அடுக்கிவிட வேண்டும். நனைந்த விறகில் அதிரசம் சுட்டால் கண்ணும் போகும் அதிரசமும் போகும் என்பாள் ஆச்சி. மழை எங்கள் ஊரில் சகதி பண்ணாது, தேரி மணல் விழுந்த தண்ணீரை அங்கேயே குடித்துவிடும். ஆனால் வெயில் இருக்காது. பச்சரிசி ஊறவைத்து உலர்த்துவது பெரிய பாடு. திண்ணையில் வேட்டி விரித்து, வானத்தைப் பார்த்து, தூறல் விழுந்ததும் நாலு முனையையும் சேர்த்துப் பிடித்து உள்ளே ஓட வேண்டும். அந்த ஓட்டம் என் வேலை.

15ஆம் தேதி வாக்கில் அடுப்பு மூளும். முதலில் முந்திரிக்கொத்து. சிறுபயறை வறுத்துத் திரித்து, தேங்காயும் எள்ளும் வறுத்துப் போட்டு, கருப்பட்டிப் பாகில் பிசைந்து, சூடு ஆறுமுன் உருட்ட வேண்டும். உள்ளங்கை சிவந்துபோகும். அப்புறம் அதிரசம். கருப்பட்டியில் மண்ணும் தூசும் இருக்கும். கரைத்து வடிகட்டித்தான் பாகு வைப்பார்கள். பாகு பதம் பார்க்கிறது ஆச்சி மட்டும். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் கூட்டுவாள். உருண்டு வந்தால் "இறக்கு" என்பாள். அரை நிமிஷம் தவறினால் கல்லாகிவிடும். ஆச்சியின் கைமுறுக்கைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் தனிக் கட்டுரை எழுத வேண்டியிருக்கும். மாவு அவள் விரலிலிருந்து முறுக்கேறிக்கொண்டு தானாக இறங்குவதுபோல இருக்கும். அம்மாவுக்குக்கூட அது கடைசிவரை கைவரவில்லை.

எனக்குக் கொடுத்தது அச்சுமுறுக்கு. பச்சரிசி மாவு, தேங்காய்ப் பால், முட்டை, சீனி, கொஞ்சம் கறுப்பு எள். தோசை மாவைவிட இளக்கமாகக் கரைத்து வைத்திருப்பார்கள். நீளமான கம்பியின் நுனியில் பூப்போல ஓர் இரும்பு அச்சு. அதை முதலில் கொதிக்கிற எண்ணெயில் முக்கிச் சூடாக்க வேண்டும். சூடு போதவில்லையென்றால் மாவு ஒட்டாமல் கிண்ணத்திலேயே வழுக்கி விழும். அதிகமாகிவிட்டால் முக்கும்போதே 'சுர்'ரென்று வெந்து பொத்தலாகும். சரியான சூட்டில் எடுத்து, எண்ணெயை ஒரு தட்டுத் தட்டி உதறி, மாவில் முக்கால் உயரத்துக்கு மட்டும் இறக்க வேண்டும். மேல் விளிம்பு முங்கிவிட்டால் போச்சு, மாவு அச்சைக் கவ்விக்கொண்டு கழறாது. அதன்பிறகு எண்ணெயில் பிடித்து மெல்ல ஆட்டினால் பூ கழன்று மிதக்கும். அடம்பிடிப்பதை ஈர்க்குக் குச்சியால் நெம்பிவிட வேண்டும். அம்மா எனக்குப் பின்னால் குந்தியிருந்து, "முழுக்க முக்காத ஏட்டி, முழுக்க முக்காத" என்று சொல்லிக்கொண்டேயிருப்பாள். அண்ணன் இந்தப் பக்கமே வரமாட்டான். அவனுக்கு நட்சத்திர வேலை. பனமட்டையைக் கீறி, நாரால் கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே சிம்னி விளக்கை வைத்து வேப்பமரத்தில் ஏற்றுவான். ஊரே அதை அண்ணாந்து பார்க்கும். அச்சுமுறுக்கை யாரும் அண்ணாந்து பார்த்ததில்லை.

சுட்டதையெல்லாம் மண்ணெண்ணெய்த் தகரங்களில் போட்டு மூடி, அரங்குவீட்டில் வைத்துப் பூட்டி, சாவி அம்மாவின் இடுப்புக்குப் போய்விடும். நாசரேத் ஸ்டேஷனில் கரிவண்டி வந்து நிற்கும்வரை தகரம் திறக்காது. எங்களுக்குக் கிடைப்பது உடைந்ததும் கருகியதும்தான். இதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

வந்து இறங்குகிற அன்றைக்கு மாட்டுவண்டி போகும். பம்பாய் பெரியப்பா குடும்பம் தாதரில் ஏறி, மெட்ராஸில் மாறி, நெல்லை எக்ஸ்பிரஸைப் பிடித்து, திருநெல்வேலியில் திருச்செந்தூர் வண்டிக்கு மாறி வந்து சேர்வதற்குள் முகமெல்லாம் புகைக்கரி அப்பியிருக்கும். இறங்கியதும் பெரியம்மை கேட்கிற முதல் கேள்வி, "வெந்நீர் இருக்கா?" இருக்கும். விடியுமுன் கிணற்றில் இறைத்து, அண்டாவில் நிரப்பி, அடுப்பு மூட்டி வைத்திருப்போம். தேரிக் கிணற்றுத் தண்ணீர் இனிக்கும். பம்பாயில் இந்தத் தண்ணீர் கிடைக்குமா என்று பெரியப்பா செம்பு செம்பாகக் குடிப்பார். கயிறு இழுத்த கையைப் பார்த்து யாரும் எதுவும் சொன்னதில்லை. ஆனால் பெரியப்பா நல்லவர், அதையும் சொல்ல வேண்டும். எங்கள் நாலு பேருக்கும் ஒரே தானில் துணி எடுத்து வருவார். அது டெய்லரிடம் போய் 24ஆம் தேதி ராத்திரி பட்டன் இல்லாமல் வந்து சேரும். தூத்துக்குடி மாமா வந்தால் மக்ரூன். முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளையும் சேர்ந்த அந்தக் கூம்பை வாயில் வைத்ததும் கரைந்துபோகும், கடிக்கவே மனசு வராது. முதலூர் மஸ்கோத் அல்வாவை மாத்திரம் அப்பாவே நடந்துபோய் வாங்கி வருவார். தேங்காய்ப் பாலில் கிண்டுவது. அதை வீட்டில் கிண்ட அம்மா ஒப்புக்கொண்டதில்லை, "அதுக்கும் நானா?" என்றாள் ஒரே ஒரு தடவை.

அம்மாவுக்கு வருஷா வருஷம் நைலக்ஸ் சேலை வரும். பெரியம்மை தன் கையாலேயே தோளில் போட்டு அழகு பார்ப்பாள். நாளெல்லாம் விறகடுப்பின் முன்னால் நிற்கிற ஒருத்திக்கு நைலக்ஸ்! அம்மா சிரித்தபடி வாங்கி டிரங்குப் பெட்டிக்குள் வைப்பாள். அவள் இறந்தபிறகு பெட்டியைத் திறந்தோம். மடிப்புக் கலையாமல் வரிசையாக இருந்தன. அக்காலத்து நிறங்கள், கத்தரிப்பூவும் மயில்கழுத்தும்.

ராத்திரிகளில் கேரல் ரவுண்ட்ஸ். ஆர்மோனியத்தைத் துண்டால் கழுத்தில் கட்டிக்கொண்டு ஒருவர், பெட்ரோமாக்ஸைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவர், தபேலா, தாளம், பின்னால் பொடிசுகளின் படை. ஒவ்வொரு வீட்டு முன்னும் ஒரு கீர்த்தனை, ஒரு ஜெபம், காணிக்கை, அடுத்த வீடு. எங்கள் வீடு தெருவின் கோடி. ஆகவே கடைசி ஆராதனையும் கருப்பட்டிக் காப்பியும் எங்கள் வீட்டில் என்பது யாரும் போடாத சட்டம். நடுச்சாமத்தில் நாற்பது பேருக்குக் காப்பி. அதே வாரத்தில் பக்கத்து ஊர் அம்மன் கோயிலிலிருந்து விடியற்காலையில் திருப்பாவை கேட்கும். குழாய் ஸ்பீக்கர் வைத்திருந்தவர் சாத்தான்குளத்தில் ஒரே ஒரு சவுண்ட் சர்வீஸ்காரர்தான். மார்கழி முழுவதும் அம்மனுக்கு. 24 சாயங்காலம் கழற்றி எங்கள் கோயிலில் கட்டி, 25 மத்தியானம் திரும்பக் கொண்டுபோய்விடுவார். இந்த ஏற்பாட்டை இரண்டு ஊர்ப் பெரியவர்களும் திண்ணையில் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். தீபாவளிக்கு அங்கிருந்து வந்த தட்டு கிறிஸ்மஸுக்கு இங்கிருந்து நிரம்பிப் போகும். வெறுந்தட்டாகத் திருப்பக்கூடாது.

25 விடியுமுன் நாலு மணிக்கு முதல் மணி. கோயில்பிள்ளை கயிற்றை இழுக்கிற இழுப்பில் தூங்கினவன் எவனும் எழுந்துவிடுவான். கோயிலில் பெண்கள் பக்கம் புதுத்துணி வாசனையும் பிச்சிப்பூ வாசனையும் மெழுகுவர்த்திப் புகையும் கலந்து ஒரு மயக்கம். அந்த மாதத்தில் அம்மா உட்கார்ந்து பார்ப்பது அந்த ஒன்றரை மணி நேரம்தான். ஐயர் பிரசங்கத்தின் இரண்டாம் பாகத்தில் அவள் தலை என் தோளில் சாயும். நற்கருணைக்கு எழுப்பிவிட வேண்டும். கிராதியில் முழங்கால் போட்டு வலக்கையை இடக்கைமேல் வைத்து நீட்டுவாள். நகக்கண்ணில் மாவு இருக்கும். மணிக்கட்டுக்கு மேலே எண்ணெய் தெறித்த புள்ளிகள், போன வருஷத்தது கறுப்பாக, இந்த வருஷத்தது சிவப்பாக.

வீடு திரும்பினால் கறி. ஊரில் பத்துப் பதினைந்து வீடு சேர்ந்து ஆடு வாங்கி, கூறு போட்டு, ஓலைப் பட்டையில் வரும். ஆண்கள் முதல் பந்தி, பிள்ளைகள் இரண்டாம் பந்தி, வந்த பெண்கள் மூன்றாவது. அம்மாவும் ஆச்சியும் உட்காரும்போது மணி நாலாகிவிடும். சட்டியில் எலும்பும் குழம்பும்தான் மிச்சமிருக்கும். ஆச்சி ஈரலில் ஒரு துண்டை முதலிலேயே எடுத்து அகப்பைக்கூட்டில் ஒளித்து வைத்திருப்பாள், மருமகளுக்கு. மாமியார் மருமகள் கதைகளில் நான் இதைப் படித்ததில்லை.

கிறிஸ்மஸ் அன்று சண்டை கிடையாது. 26 ராத்திரிதான் தொடங்கும். விளைக் குத்தகையில் யாருக்கு எவ்வளவு, வீட்டுக்கு ஓடு மாற்றியது யார் காசு, தாத்தா சாகும்போது என்ன சொன்னார். முற்றத்தில் பாய் விரித்து அப்பாவும் பெரியப்பாவும் சித்தப்பாவும் பேச ஆரம்பிப்பார்கள். பெட்ரோமாக்ஸ் இரைச்சலைத் தாண்டிக் குரல் உயரும். ஊரில் முக்கால்வாசி வீட்டிலும் அன்றைக்கு அதே சத்தம்தான். எல்லோரும் ஒன்றாக இருக்கிற நாள் வேறு எது? வருஷம் முழுவதும் கடிதத்தில் எழுத முடியாததை அந்த ஒரு வாரத்தில் பேசி முடிக்க வேண்டுமே. "இங்கயே இருக்கறவன் அனுபவிக்கான்" என்று பெரியப்பா சொல்வதும், "வந்துட்டுப் போறவனுக்கு என்ன தெரியும்" என்று அப்பா சொல்வதும் வருஷாந்திர வசனங்கள். விடிந்ததும் இருவரும் ஒரே வேப்பங்குச்சியை ஒடித்துப் பல் தேய்ப்பார்கள். விளை கடைசிவரை பாகமாகவில்லை, இன்றும் பொதுவில்தான் கிடக்கிறது.

டிசம்பர் ஞாயிறுகளில் கோயிலில் ஓலை வாசித்து அறிவித்து வைத்த கலியாணங்களெல்லாம் ஜனவரி பிறந்ததும் நடக்கும். சனம் ஊரிலிருக்கும்போதே முடிக்க வேண்டும் என்பதுதான் முகூர்த்தக் கணக்கு. 31 ராத்திரி ஆராதனை, வாக்குத்தத்த அட்டை, ஒன்றிரண்டு கலியாணம், ஓர் அசன விருந்து. பிறகு பெட்டி கட்டுவார்கள். கருப்பட்டி, அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு, முந்திரிப்பருப்பு, தகரத்தில் மிஞ்சிய பலகாரம். கடைசி வண்டி போனபின் அம்மா செய்கிற முதல் காரியம் இரவல் வாங்கிய பாத்திரங்களை எண்ணித் திருப்புவது. தேக்சாவின் அடியில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்துப் பார்த்து வீடு வீடாக நாங்கள் சுமந்து போவோம். ஒரு வருஷம் அப்பா, "அடுத்த பண்டிகைக்கு நாம பம்பாய் போவோம்" என்றார். அம்மா அதை நம்பி ஒரு தோல்பை வாங்கினாள். நவம்பரில் வழக்கம்போலக் கடிதங்கள் வந்தன. அவள் பம்பாயைப் பார்த்தாள், பெரியப்பா மகள் கலியாணத்துக்கு, ஒரு மே மாதம்.

கலியாணமாகி நான் திருச்சிக்குப் போன பிறகு நானும் வருகிறவர்கள் கூட்டத்தில் சேர்ந்தேன். அரங்குவீட்டுச் சாவி மதினியின் இடுப்புக்குப் போனது. மதினி பள்ளியில் கணக்கு டீச்சர். பட்டியல் போடாமல் ஒரு காரியமும் செய்யமாட்டார். கொஞ்ச வருஷம் அம்மா செய்த அத்தனையையும் செய்தார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்றார்கள். தாமிரபரணி கரை தாண்டிவிட்டது. செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டது. தண்டவாளத்துக்கடியில் மண்ணே இல்லை. நாங்கள் யாரும் ஊருக்குப் போக முடியவில்லை. மேட்டில் இருப்பதால் எங்கள் ஊர் தப்பியது. மதினியும் சபைப் பெண்களும் ஏரல் பக்கத்தில் வீடிழந்தவர்களுக்குச் சோறு பொங்கி வேனில் அனுப்பினார்கள். அச்சுமுறுக்குக்கு ஊறவைத்த அரிசியும் அதிலேயே போயிற்று. கிறிஸ்மஸ் அன்று போனில் பேசினார். "இருநூறு பேருக்குப் பொங்கினோம், பன்னிரண்டு பொம்பளைக. உங்க முப்பது பேருக்கு நான் ஒருத்தி" என்றார். கணக்கு டீச்சர் அல்லவா.

அடுத்த வருஷம் நவம்பரில் குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு பட்டியல் வந்தது. முந்திரிக்கொத்து, மெட்ராஸ் வீடு. மாவு மில்லில் அரைத்து வரவும். அதிரசம், முதலூரில் சொல்லியாகிவிட்டது, பணம் விசாகப்பட்டினம். பாத்திரம் கழுவ ஆண்கள், முறை கீழே. அச்சுமுறுக்கு, பம்பாய் வீடு. பெரியப்பா மகன் கட்டைவிரல் ஒன்றைப் போட்டுவிட்டு, "நான் செஞ்சதே இல்லையே" என்று கூடவே எழுதினான். பதில் வரவில்லை.

அவன் ரிட்டயரான ஆள், முட்டிவலி வேறு. 23ஆம் தேதி பின்கட்டில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, கேஸ் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தான். அச்சை எண்ணெயில் காட்டினான், மாவில் 'தொபுக்'கென்று ஒரு முக்கு. மேலெல்லாம் மூடிவிட்டது. எண்ணெயில் பிடித்து ஆட்டுகிறான், ஆட்டுகிறான், கழறவே இல்லை. இரும்பைச் சுற்றிக் கறுத்துப்போய் ஒரு வடைபோல இருந்தது. நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம். மதினி ஈர்க்குக் குச்சியை அவன் கையில் கொடுத்துவிட்டு, "நெம்பி எடுங்க அத்தான், இன்னும் ரெண்டு கிலோ மாவு இருக்கு" என்று சொல்லி வாசலுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.